தண்ணுமையோன் இலக்கணமும் கானல்வரிப் பிரிவும்

சிலப்பதிகாரத்தைப் பாடஞ் சொல்வார் பலரும் அரங்கேற்று காதையை அடைந்தவுடன் நடையை விரைவுபடுத்துதல் வழக்கமாகக் காணப்படுகின்றது. ஆடலாசிரியன் முதலாக யாழாசிரியன் ஈறாக அறுவர் இலக்கணமும், அரங்கின் அளவும், தலைக்கோலின் சிறப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வருதலின், கற்பார்க்குச் சலிப்புத் தோன்றுமென அஞ்சி, "மாதவி தன் பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள்; 1,008 கழஞ்சு பொன் பரிசாகப் பெற்றாள்; கோவலன் அவள் மாலையைக் கூனியிடத்து வாங்கினான்" என்று சுருங்கச் சொல்லிவிட்டு, கானல்வரிக்குத் தாவிவிடுவர். பிறரைக் குறை கூறுவதற்கு யான் உரியேனல்லேன். யானும் முப்பது ஆண்டுகட்கு மேலாக அவ்வாறே கற்பித்தேன். இசைநூற் பயிற்சி இல்லாதார்க்கு அப்பகுதி வெறும் பெயர்ப்பட்டியலே என்பது என் அந்நாளைய எண்ணம்.

அவ்வெண்ணம் பிழையென்பதைப் பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன். அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனுக்குக் கூறப்பட்ட இலக்கணம் மத்தளத்தோடு முடிவதன்று. இருவர் கூடி வாழும் வாழ்க்கைக்கெல்லாம் அதுவே இலக்கணம். அதனை உள்ளத்திற் கொண்டு கானல்வரியைப் படிப்பார்க்கே, கோவலனும் மாதவியும் பிரிந்தது எவ்விடத்து, எப்பொழுது, எதனால் என்பது விளங்கும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் காலத்தின் அளவை நம் முன்னோர் எவ்வாறு கொண்டனர் என்று பார்ப்போம். எழுத்தொலிக்கு அளவு கூறவந்த தொல்காப்பியனார், கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாக வைத்தார். பின்வந்த நன்னூலார், அவ்விமையும் நொடியும் இயல்பான மக்களுடையனவாதல் வேண்டுமென்றார். நாழிகை வட்டிலையோ நிழற்கோலையோ அவர் கருவியாகக் கொண்டிலர். தெருவில் நடப்பானொருவனது கண்ணும் விரலுமே இலக்கணத்துக்கும் இசைக்கும் அடிப்படை அளவாயின. தாளம் வாழ்க்கைக்கு வெளியே பிறந்து பின் வாழ்க்கைக்குட் புகுந்ததன்று. வாழ்க்கையினின்றே எடுக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

நொடியினுள்ளும் நுணுக்கம் உண்டு. ஒரு நொடியை நான்கு கூறாக்கிக் காட்டுவது பழைய மரபு. நொடிக்க வேண்டுமென்று மனத்தில் நினைக்குங்கால் கால் மாத்திரை, விரல்மேல் விரலை வைத்து அழுத்துங்கால் அரை, முறுக்குங்கால் முக்கால், விடுக்குங்கால் ஒன்று நிரம்பும். இம்முறையை ஊன்றி நோக்குமின். செவிக்குக் கேட்கும் ஓசை இறுதியில்தான் பிறக்கின்றது. அதற்கு முற்பட்டனவெல்லாம் ஓசையில்லாத ஆயத்தம். அவ்வாயத்தத்திலும் முதலாவது நிற்பது நினைத்தல். நினையாமல் விடுத்த விரல் நொடியாகாது. அது வெறும் உதறலே. இதனைப் பின்னர்க் கானல்வரிக்குப் பொருத்திக் காட்டுவேன்.

இனி, இருவர் கூடிய காலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. அரைவை ஆலைகள் ஊர்தோறும் பரவாத என் இளமைக் காலத்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் மகளிர் இருவர் ஓர் உரலில் நெற்குத்துவதைப் பன்முறை கண்டிருக்கிறேன். ஒருத்தி உலக்கை எழும்போது மற்றொருத்தி உலக்கை விழும். இரண்டும் ஒருங்கே விழுந்தால் உலக்கையோடு உலக்கை மோதிக் கை அதிரும். இரண்டும் ஒருங்கே எழுந்தால் உரல் வறிதே கிடக்கும். அவர்கள் எண்ணிக்கை இட்டுக் குத்தினாரல்லர். ஒருத்தி கையை மற்றொருத்தி கண் அறிந்திருந்தது. ஒருத்தி இளைத்தால் மற்றவள் தன் வீச்சைத் தளர்த்திக்கொள்வாள். இத்தொழிலிற் பிறந்ததே வள்ளைப்பாட்டு. இளங்கோவடிகள் தம் காப்பியத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை, கந்துகம், ஊசல் என்பவற்றோடு வள்ளைப்பாட்டையும் சேர்த்து வைத்தார். மணிவாசகப் பெருமானும் பொற்சுண்ணம் இடித்தலையும், அம்மானை ஆடுதலையும், பொன்னூசல் ஆடுதலையும் தம் திருவாசகத்துக்கு உறுப்பாக்கினார். பெரியோர் இசையைத் தேடியது உரலடியிலும் ஊஞ்சற்பலகையிலுமே.

இனித் தண்ணுமை ஆசிரியனிடம் வருவோம். அவனுக்கு அடிகள் வகுத்த தகுதியைக் காணுங்கால் முதலில் வியப்பே உண்டாகும். தோற்கருவி முழக்குவான் ஒருவனுக்கு ஆடலும், பாடலும், இசையும், தமிழும், பண்ணும், தாளமும், தூக்கும், அவற்றின் குற்றங்களும் தெரிந்திருத்தல் வேண்டுமென்கிறார். தன் தொழிலைக் காட்டிலும் பிறர் தொழிலையே அவன் மிகுதியாகக் கற்றல் வேண்டும் போலும்! காரணம் அடுத்து வருகின்றது. யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் ஒத்துக் கேட்குமாறு, குறியறிந்து அவன் விரல் விழவேண்டும். பிற கருவிகளிற் குறைந்தவிடத்தை அவன் நிரப்பவேண்டும், மிகுந்தவிடத்தை அடக்கவேண்டும், இவ்விரண்டும் தத்தம் அளவிற்கு மேற்படாமையும் வேண்டும். உரைநெறி நின்று பார்க்கின் இதுவே பொருள்.

இம்மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொள்க. நிரப்புதல் ஒன்று, அடக்குதல் ஒன்று, அவ்விரண்டும் அளவு கடவாமை ஒன்று. பாடுவோன் மூச்சு வாங்கும் இடத்தில் வெளி தோன்றாமல் முழக்கம் தாங்குதல் நிரப்புதல். பாடுவோன் குரல் மேலெழும்போது முழக்கம் தாழ்ந்து நிற்றல் அடக்குதல். நிரப்புகின்றேன் என்று பாட்டையே மூடிவிடுதலும், அடக்குகின்றேன் என்று கருவியையே ஊமையாக்கிவிடுதலும் அளவு கடத்தல். தாளமென்பது ஒரே அளவாய் அடித்துக்கொண்டு போதல் என்று எண்ணுவார் உளர். அஃது உண்மையாயின் செக்கு மாடே சிறந்த தாளக்காரனாகும். பிறன் இருக்கும் நிலையை அறிந்து தன் முறையை வைப்பதே தாளம்.

மாதவி அரங்கேறிய அன்று இவ்விலக்கணம் நிறைவேறியது. குழலின்பின் யாழும், யாழின்பின் தண்ணுமையும், அதன்பின் முழவும் தொடர, இடக்கை அனைத்தோடும் இயைந்தது என்று அடிகள் வரிசைப்படுத்துகின்றார். ஒவ்வொன்றும் மற்றொன்றன் பின் நிற்கின்றது. எல்லாவற்றையும் முந்துவேன் என்று எழுந்தது ஒன்றுமில்லை. அவ்வரங்கின் நடுவில் நின்று ஏழாண்டு பயிற்சியின் பயனைக் காட்டியவள் மாதவி. அவளுடைய மாலையை வாங்கிய கோவலனும் யாழிலே கைதேர்ந்தவன். ஆகவே தாளமறியாமையால் இவ்விருவரும் பிரிந்தனர் என்று எவரும் சொல்லவியலாது. தாளம் அறிந்தவர்களே தாளந்தப்பினர் என்பதுதான் காப்பியத்தின் துன்பம்.

கானல்வரியை இப்பொழுது திறப்போம். இந்திரவிழா முடிந்தபின் இருவரும் கடற்கரையில் அமர்ந்துளர். வசந்தமாலை கையிலிருந்து யாழை வாங்கிய மாதவி, அதன் நரம்புகளை எண்வகைக் கரணத்தாலும் இயக்கி, பிறந்த ஓசையைத் தன் செவியாலேயே ஓர்ந்து, பின் கோவலன் கையில் நீட்டுகின்றாள். நீட்டும்பொழுது, தான் ஏவுவாளல்லள் என்று பணிந்து, அவன் வாசிக்கவிருக்கும் தாளம் யாதென வினவுகின்றாள். அவ்விடத்து அடிகள் ஆண்ட சொல் 'பாணி' என்பது.

இச்சொல்லை எளிதிற் கடத்தல் கூடாது. பாணி என்பதற்குத் தாளம் என்பதும் பொருள். கை என்பதும் பொருள். பாட்டு என்பதும், காலம் என்பதும் பொருள். பாணித்தல் என வினையாகுங்கால் தாழ்த்தல் எனப் பொருள்படும். கைகொண்டு காலத்தை அளந்து, வேண்டுமிடத்துத் தாழ்த்து நிற்கும் செயல் முழுவதும் அவ்வொரு சொல்லுள் அடங்கியிருக்கின்றது. மாதவி வினவியது இசைக்கேள்வியே. எனினும் இல்லறத்தில் ஒருவர் மற்றொருவரை நாடோறும் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே. நின் காலம் இப்பொழுது எந்நிலையில் நிற்கின்றது? யான் எவ்விடத்து வந்து சேர்வேன்?

கோவலன் மாதவியின் மனம் மகிழவேண்டும் என்றே வாசிக்கத் தொடங்கினான் என்று அடிகள் வெளிப்படையாகக் கூறுகின்றார். அவன் உள்ளத்தில் வஞ்சமில்லை. ஆயினும் அவன் முதலிற் பாடியது யாது? சோழன் கங்கையைக் கூடினும் கன்னியைக் கூடினும் காவிரி ஊடுவதில்லை. அங்ஙனம் ஊடாமையே பெண்டிர்க்குப் பெருங்கற்பு என்னும் கருத்து. மனைவியை மனையிலே தனித்திருக்க விட்டு வந்தவன் வாயினின்றும், மற்றொருத்தி எதிரே, இக்கருத்து வருகின்றது. அப்பால் நெய்தல்நிலப் பெண்ணொருத்தியைப் பற்றிய பாட்டுக்கள் தொடர்கின்றன. கேட்டிருந்த மாதவி, இவன் உள்ளத்தில் வேறொரு குறிப்பு உண்டு என்று கொண்டாள். உள்ளே புலவி, வெளியே மகிழ்ந்தாள் போன்ற முகம். உடனே யாழை வாங்கினாள். தனக்கும் ஒரு குறிப்புள்ளது போலப் பாடினாள்.

அவள் பாடிய மறுமொழியின் பொருளை ஆராய்ந்தால் அதிற் குற்றம் காண்டல் அரிது. காவிரியே, நீ இவ்வாறு தளராது நடப்பது நின் கணவன் செங்கோல் வளையாமையால் அன்றோ என்பது அவள் கருத்து. பெண்ணின் நிறையைப் புகழ்ந்தவனுக்கு, அந்நிறைக்கு அடிப்படை ஆணின் நேர்மை என்று காட்டும் இம்மறுமொழி எத்துணை நுட்பமுடையது! புலவர் அவையில் இதற்குப் பரிசு கொடுப்பர். பொருள் குற்றமற்றது, பொழுதே குற்றமுடையது. நொடியின் முதற் காலாகிய நினைத்தல் அங்கு நிகழவில்லை. அவன் பாட்டு முடிதற்கும் இவள் யாழ் வாங்குதற்கும் இடையில், "இப்பாட்டு யாரைக் குறித்தது?" என்று ஒரு வினா வினவும் வெளி இருந்தது. அவ்வெளியை நிரப்புவார் இல்லை. சற்று முன்னர் நரம்பின் ஓசையைத் தன் செவியால் ஓர்ந்து தேர்ந்தவள், நரம்பினும் நுண்ணிய நெஞ்சின் ஓசையை ஓர்ந்திலள். திருவள்ளுவர் புலவியை உப்பிற்கு ஒப்பிட்டு, சிறிது மிகுதல் அதனை நீள விடுதலாம் என்று எச்சரித்தது இத்தகையார்க்கே. உப்பு கெட்ட பொருளன்று. அளவே அதன் சுவை.

கோவலனோ அவளினும் தாழ்ந்தான். இவள் பாட்டைக் கேட்டவுடன், இவள் வேறொருவன்மேல் மனம் வைத்தாள் என்று துணிந்து, அணைத்த கையை நெகிழ்த்தான். நெகிழ்த்தவன் சொன்ன சாக்கு நோக்கத்தக்கது. பொழுது கழிந்துவிட்டது, எழுவோம் என்றான். அவள் உடன் எழுதற்குமுன் ஏவலரோடு போய்விட்டான். காலத்தைப் பற்றிய வினாவோடு தொடங்கிய காதை, காலத்தைப் பற்றிய பொய்யோடு முடிகின்றது. உண்மையிற் கழிந்தது பொழுதன்று, பொறுமையே. மாதவி காதலனின்றித் தனியே வண்டியேறி மனை புகுந்தாள்.

ஈண்டு ஒரு தடை எழும். "பிரிவுக்குக் காரணம் ஊழ்வினை என்று அடிகளே கூறியிருக்க, நீர் தாளத்தையும் பொழுதையும் காரணமாக்குதல் நூலாசிரியர் கருத்தோடு முரணாதோ?" என்பது அது. முரணாது என்க. யாங்ஙனமெனின், யாழிசையை இடமாகக் கொண்டு ஊழ்வினை வந்து உருத்தது என்பதே அடிகள் வாக்கின் பொருள். ஊழ் வெறுவெளியில் வந்து நிற்பதில்லை. ஒரு பற்றுக்கோடு அதற்கு வேண்டும். வினைப்பயன் இடம், காலம், கருவி முதலியவற்றை வாயிலாகக் கொண்டே வந்து பொருந்தும் என்பது நம் சித்தாந்த நூல்கட்கும் உடன்பாடு. வாயிலைத் திறந்து வைத்தவர் யார் என்று கேட்டல் ஊழை மறுத்தலாகாது. குறைந்தவிடம் நிரப்பப்படாமையும் மிகுந்தவிடம் அடக்கப்படாமையுமே அன்று திறந்து கிடந்த வாயில். அன்றியும், எல்லாம் ஊழென்று சொல்லி அமைந்துவிடின் அரங்கேற்று காதையில் அத்துணை விரிவாக ஒத்திசைவின் இலக்கணத்தை அடிகள் அமைத்ததற்குப் பயனில்லாமற் போகும். முன்னே கூடலின் இலக்கணம் கூறி, பின்னே அதன் சிதைவைக் காட்டினார் என்று கொள்வதே நூல் முழுவதற்கும் பொருந்துவதாம்.

இவ்விடத்து நமக்கு ஓர் இழப்பும் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1892-ஆம் ஆண்டில் அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லாருரையோடும் சிலப்பதிகாரத்தை வெளியிட்டார்கள். அரங்கேற்று காதையின் இசை நுட்பங்களை விரித்துரைத்த அடியார்க்குநல்லாரது உரை கானல்வரிக்குக் கிடைத்திலது. இசை இன்பஞ் செய்தவிடத்து அவர் நம்மோடிருக்கின்றார்; இசை இருவரைப் பிரித்தவிடத்து அவர் குரல் கேட்கவில்லை. ஆதலின் ஒரு காதையின் உரையொளியை மற்றொரு காதைக்குக் கொண்டுசெல்லும் கடமை கற்பார் தலைமேல் விழுகின்றது. பட்டியலென்று தள்ளிய பகுதியே விளக்காகும் என்று யான் கூறுவது இதுபற்றியே.

பின்னைய காதைகளும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. வேனிற் காதையில் மாதவி தனியே யாழெடுத்துப் பாடி மயங்குகின்றாள். நிரப்புவாரில்லாத பாட்டு அது. பின் ஒரு முடங்கல் எழுதுகின்றாள். இளவேனிலை இளவரசனாக்கி, திங்களையும் அறமில்லாதவனாக்கி, அணிநலம் பொலிய அவள் எழுதிய அம்முடங்கலைக் கோவலன் வாங்க மறுத்துவிட்டான். ஆடல்மகளாதலின் அவள் அன்பெல்லாம் நடிப்பே என்று அவன் வரிக்கூத்தின் வகைகளை எடுத்து எண்ணிக் காட்டினான். அவனைக் கவர்ந்த கலையே அவளைப் பழித்தற்குக் கருவியாயிற்று. மறுப்பைக் கேட்ட மாதவி, மாலையில் வாரானாயினும் காலையிற் காண்போம் என்று தேறி, உறங்காது கிடந்தாள். அக்காலை அவளுக்கு வந்திலது. கோவலன் கண்ணகியை அழைத்துக்கொண்டு ஞாயிறு தோன்றுமுன் புகாரை நீங்கினான்.

இரண்டாம் முடங்கலோ கோசிகன் கைவழியாக வழியிடையே அவனை அடைந்தது. அதில் வேனிலும் இல்லை, திங்களும் இல்லை. அடிவீழ்ந்தேன்; தாய்தந்தையர்க்குச் செய்யும் பணியையும் விட்டு, மனைவியோடு இரவில் ஊர் நீங்கும்படி யான் செய்த பிழை யாதென்று அறியேன்; கலங்கும் நெஞ்சைத் தெளிவித்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. சில சொல், மிகையொன்றுமில்லை. முதல் முடங்கலில் மிகுந்ததெல்லாம் இதில் அடங்கியது. அதனைப் படித்தமாத்திரத்தில் கோவலன், அவள் தீதிலள், தீது தன்னுடையதே என்று தெளிந்தான். அப்பால் அவ்விடத்திருந்த பாணரோடு சேர்ந்து யாழைத் திருத்தி அவர் இசையோடு தன் இசையைப் பொருத்தினான். இந்நிகழ்ச்சியைப் பலர் கவனியாது விடுவர். மனம் தெளிந்தவுடன் அவனுக்கு ஒத்திசைவு மீண்டது. ஆனால் அஃது முன்பின் அறியாத பாணரோடு மீண்டது. மாதவியோடு மீளுதற்குப் பொழுதில்லை. மதுரை அணித்தாகிவிட்டது.

கண்ணகியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் அமைதல் நேர்மையன்று. அவள் நம் வணக்கத்துக்குரியள். ஆயினும் ஆராய்ச்சியில் அச்சத்துக்கு இடமில்லை. நாணத்தோடு திரும்பிவந்த கணவனை ஒரு பழிச்சொல்லுமின்றி முறுவலோடு ஏற்று, சிலம்பு உள்ளது என்று அவள் கூறியது நிரப்புதலின் எல்லை. அதுகாறும் அவள் காத்த மௌனமோ அடக்குதலின் எல்லை. கொலைக்களக் காதையில், தன் நோயை மறைத்துப் பொய்யாக முறுவலித்ததைக் கண்டு மாமனும் மாமியும் உள்ளம் வருந்தினர் என்று அவளே சொல்கின்றாள். அதாவது அவள் அடக்கம் ஒருவரையும் ஏமாற்றவில்லை; உற்றாரை வருத்தவே செய்தது. நீர் செய்தது போற்றத்தகாத ஒழுக்கம் என்று அவள் கணவனை நோக்கி ஒருமுறை கூறினாள். அஃது அவன் இறுதியாக வீட்டைவிட்டுப் புறப்படும் நாளில். அவ்வொரு சொல்லைப் புகாரிலே, உரிய காலத்திலே சொல்லியிருந்தால் என்னாகும் என்று எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை. மாதவி நிரப்புதலில் அளவு கடந்தாள். கண்ணகி அடக்குதலில் அளவு கடந்தாள். கோவலன் இரண்டையும் பிறர்க்கு விட்டுத் தான் பாட்டை மட்டும் பாடினான். என் கருத்திற் பெரும் பிழை அவனதே.

இதற்கு மறுதலையான காட்சி ஒன்று நம் திருத்தொண்டர் புராணத்தில் உண்டு. திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருத்தருமபுரத்தில் தம் சுற்றத்தார் பேசிய பேச்சொன்றைக் கேட்டுக் கலங்கினார். அவர் யாழினாலேயே பதிகத்தின் இசை பெருகிற்று என்பது அவர்கள் பேச்சு. அஃது உண்மையன்றென்பதை உலகறியக் காட்டவேண்டுமென்று அவரே பிள்ளையாரை வேண்ட, யாழில் அடங்காத பதிகமொன்றைப் பிள்ளையார் பாடியருளினார். நரம்பு தொடர இயலாமை கண்ட யாழ்ப்பாணர், கருவியை உடைக்கவே ஓங்கினார். பிள்ளையார் அதனை வாங்கித் தடுத்து, கருவிக்கு அடங்கிய அளவில் வாசிப்பீராக என்று மீண்டும் அவர் கையிலேயே கொடுத்தருளினார் என்பது சேக்கிழார் வாக்காற் பெறப்படுவது.

இரண்டு காட்சியையும் அருகருகே வைத்துக் காண்க. கானலில் யாழ் கைமாறியது. யாழ் பிழைத்தது, உறவு முறிந்தது. தருமபுரத்திலும் யாழ் கைமாறியது. யாழ் முறிய இருந்தது, உறவு பிழைத்தது. அங்கே ஒருவர் மிகுந்தபோது மற்றவர் மேலும் மிகுந்தார். இங்கே மிகுந்தவரே, மற்றவர் குறைந்த கணத்தில் கைநீட்டித் தாங்கினார். பாடலில் வென்றவர் அவ்வெற்றியின்மேல் ஒரு கணமும் நின்றிலர். கை ஓங்கியதற்கும் யாழ் உடைதற்கும் இடைப்பட்ட நொடியை அறிந்து, அதனுள் தம் கையை வைத்தார். தண்ணுமையோன் இலக்கணம் முழுவதும் அந்நொடியில் நிறைவேறியது.

கட்டுரையை முடிக்குமுன் என்னைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். இத்துணையும் படிப்பின் பயனாக யான் கண்டதாக அன்பர்கள் எண்ணுதல் கூடாது. மடத்திற் பாடங்கேட்ட நாளில், யான் செய்யுளை வாசித்து நிறுத்தியவுடன் அடுத்த அடிக்குக் கண்ணை ஓட்டுவேன். என் ஆசிரியர், "கேட்பான் மூச்சு வாங்கட்டும், அப்பா!" என்பார். இசைக்கு அதனைக் கற்றுக்கொண்டேன், வீட்டிற்குக் கற்றுக்கொண்டேனல்லேன். அந்தி விளக்கேற்றியபின் என் மனையாள் பூத்தொடுத்துக்கொண்டு, "இன்றைக்கு என்ன வாசிக்கப் போகிறீர்கள்?" என்று வினவுவது வழக்கம். அவளுக்கு நூற்பயிற்சி பெரிதில்லை. கேட்டலில் விருப்பம் மிகுதி. விடைத்தாளோ, வந்திருந்த நண்பரோ, ஏதேனும் ஒன்று என் கையிலிருக்கும். "பொழுதாகிவிட்டது, நாளைக்கு ஆகட்டும்" என்பேன். அவள் மறுமொழி சொல்லாமல் பூவை முடிந்துகொண்டு எழுவாள். விருந்தினர்முன் யான் குறைபட்ட இடமெல்லாம் அவள் நிரப்பினாள். யான் மிகையாகப் பேசிய இடமெல்லாம் ஒரு பார்வையால் அடக்கினாள். நாற்பதாண்டு என் அரங்கில் தண்ணுமை முழக்கியவள் யாரென்பதை, அம்முழக்கம் நின்ற பின்னரே அறிந்தேன். அவள் மறைந்து ஈராண்டு ஆகின்றது. அதன் பின்னரே அரங்கேற்று காதையை முறையாகப் படித்தேன்.

ஆதலின் இளைய ஆசிரியர்கட்கு யான் வேண்டுவது ஒன்றே. அரங்கேற்று காதையைத் தள்ளற்க. தண்ணுமையோன் இலக்கணத்தை மாணாக்கர் உளங்கொளச் சொல்லியபின் கானல்வரிக்குச் செல்க. அதனைக் கேட்கும் இளையருள் ஒருவனாயினும், பின்னாளில் தன் மனையிலே, அந்திப்பொழுதிலே, அத்தகைய வினாவொன்று தன்னை நோக்கி எழுங்கால், கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு விடை கூறுவானாயின், அடிகள் அப்பகுதியை எழுதிய பயன் நிறைவேறியதாகும்.